சராசரியை நம்பாதீர்கள்

கேள்வி: ஸ்மார்ட் மின்கட்டமைப்பு திறமையாக வேலை செய்கிறதா என்று எதை வைத்து அளப்பது?
– வாசகி, கொஸ்லந்த

பதில்: மூன்று கேள்விகள் கேளுங்கள். உற்பத்தியான மின்சாரத்தில் வழியிலேயே வீணாவது எவ்வளவு? ஒரு பாவனையாளருக்கு ஆண்டில் எத்தனை தடவை, மொத்தம் எத்தனை மணிநேரம் மின்சாரம் நின்றது? ஓரிடத்துப் பழுது அங்கேயே அடங்குகிறதா, நாடெங்கும் பரவுகிறதா?

மூன்றாவதற்கு 2025 பெப்ரவரி 9 பதில் சொன்னது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு. மின்சாரமில்லாமல் முழு இலங்கை! அன்று ஞாயிறு. மின்தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அதனால் அதிர்வைத் தாங்கும் பெரிய சுழலிகள் போதிய அளவு ஓடவில்லை. குரங்கைத் திருத்த முடியாது, கட்டமைப்பைத் திருத்தலாம்.

இன்னொன்று: நாட்டின் சராசரியில் கொழும்பின் வெளிச்சம் தோட்ட லயத்தின் இருட்டை மறைத்துவிடும். மின்தடை நேரத்தைத் தானே பதியும் ஸ்மார்ட் மின்மானி வந்தால், தோட்டவாரியாகக் கணக்குக் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தை மண்சரிவுக்குப் பறிகொடுத்த ஊர் உங்களுடையது. அடைமழை இரவில் கைபேசிக்குச் சார்ஜ் இருந்தால்தான் எச்சரிக்கை வந்து சேரும். அந்த இரவில் மின்சாரம் நிற்காத கட்டமைப்புக்கே நான் முழு மதிப்பெண் தருவேன்.