மாஜி பங்குச்சாமி

மாஜி எம்.எல்.ஏ.வாவது அடுத்த தேர்தலில் நின்று பார்க்கலாம். மாஜி பங்குச்சாமிக்கு அந்த வழியும் கிடையாது. 75 வயது முடிந்ததும் ராஜினாமாக் கடிதத்தை ஆயரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது 1983-ல் வந்த திருச்சபைச் சட்டம். கொடுக்கும்படி 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கடிதம் எழுதுகிற ஒவ்வொரு சாமியாருக்கும் உள்ளூர ஒரு நப்பாசை: 'நம்மை விட்டால் இந்தப் பங்கை யார் பார்ப்பார்? ஆயர் ஏற்க மாட்டார்.' ஆயர் உடனே ஏற்றுக்கொள்கிறார். நன்றிப் பாராட்டு விழா, சந்தன மாலை, சால்வை, சால்வைக்கு மேல் சால்வை. மறுநாள் காலை, புத்தகப் பெட்டிகளோடு குருக்கள் ஓய்வு இல்லம்.

தென்மாவட்டப் பக்கம் இப்படி ஓர் இல்லத்துக்குள் நுழைந்தால் இவரைத் தேட வேண்டியதில்லை. வராந்தாவில் வாசலைப் பார்த்த நாற்காலி இவருடையது. வெள்ளை அங்கி ஆணியில் தொங்கும். இவர் கைலியும் அரைக்கைச் சட்டையுமாக, மடியில் தினத்தந்தியோடு உட்கார்ந்திருப்பார். இல்லத்தில் ஏழு சாமியார், பேப்பர் ஒன்று. ஆகவே விடியற்காலை ஜெபத்துக்கு இவர் முதல் ஆளாக எழுந்திருப்பதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை.

"என்னவே இல்லம்? ஆடே இல்லாத இடத்துல ஏழு மேய்ப்பன்!" என்பார். ஏழு பேரும் ஒரு காலத்தில் ஆளுக்கொரு பங்கில் தனிக்காட்டு ராஜா. மணி அடிக்கச் சொன்னால் கோயில்பிள்ளை அடிப்பார், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். இங்கே ஆறு மணிப் பூசையில் பாட்டு யார் எடுப்பது என்பதற்கே மூன்று சுருதி கிளம்புகிறது.

இவருக்குத் தீராத குறை ஒன்று உண்டு. பிரசங்கம் வைக்க ஆள் இல்லை. நாற்பது சொச்ச வருஷம் குறுக்கே யாரும் பேசாமல் பேசிய வாய். வீட்டில் மனைவியிடம் பேசுகிறவனுக்குக்கூட அந்தச் சுகம் கிடைத்திருக்காது. இந்த நிலையில் 2024 ஜூன் மாதம், பிரசங்கம் எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஜனங்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று போப் பிரான்சிஸ் சொன்ன செய்தி வந்தது. இவர் பேப்பரை மடித்து வைத்தார். "எட்டு நிமிஷமா? எனக்குத் தொண்டையைச் செருமி, மைக்கைத் தட்டிப் பார்க்கவே அவ்வளவு நேரம் ஆகுமே." போப் அதைச் சொன்னது புதன்கிழமை. அந்த வெள்ளிக்கிழமையே போப், உலகத்துச் சிரிப்பு நடிகர்களை நூறு பேருக்கு மேல் வத்திக்கானுக்கு வரவழைத்துப் பாராட்டினார். "பாத்தீரா? சாமியாரைச் சுருக்கச் சொல்லிட்டு, கோமாளியைக் கூப்பிட்டு உக்கார வைக்கார். ரெண்டு வேலையையும் சேத்துப் பாத்தவன் நான். எனக்கு ஒரு தபால் இல்லை."

ஜனங்கள் தூங்குவது இவர் அறியாததல்ல. சிறுவனாகப் பூசைக்கு உதவிய காலத்தில் பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். அர்த்தம் தெரியாமல் உருப்போட்ட பதில்களை இவர் கணீரென்று சொல்வார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களின் பின்பாதியில், பூசை தமிழுக்கு வந்தது. சாமியாரும் ஜனங்கள் பக்கம் திரும்பி நின்றார். "அன்னைக்குத்தாம்வே யார் யார் தூங்குதாம்னு எங்களுக்கே தெரிஞ்சுது." ஆனாலும் லத்தீன்மேல் பாசம் விடவில்லை. 2013 பிப்ரவரியில் போப் பெனடிக்ட் பதவி விலகுவதாக லத்தீனில் அறிவித்தபோது, அந்த மொழி தெரிந்த ஒரு பெண் நிருபர்தான் சட்டென்று புரிந்துகொண்டு உலகத்துக்குச் சொன்னார். இந்தக் கதையை இவர் வாரம் ஒரு முறையாவது சொல்வார். லத்தீனுக்கு அது பெருமை. தனக்கு இன்னொரு ஆறுதலும் அதில் உண்டு: போப்பே ராஜினாமாக் கொடுத்தவர்தானே.

சாமியார் சிரிக்கலாமா என்று யாராவது முகம் சுளித்தால் வீரமாமுனிவரைத் துணைக்கு அழைப்பார். 'தேம்பாவணி' பாடிய அதே கைதான் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து முட்டாள் சீடர்களையும் எழுதியது. "குரு முட்டாள்னு ஒரு குருவே எழுதிட்டுப் போயிட்டார். அதுக்கு மேல நாங்க எதை மறைக்க?" இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

அரசியல் பேசத் தொடங்கினால் பகல் சாப்பாடு ஆறிவிடும். குருக்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இவர் இறங்கியதில்லை, கரையிலேயே நின்று ஆழம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, மலாக்கி ஆகமத்தில் வருகிற நீதியின் சூரியனைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டாராம். பூசை முடிந்ததும் எதிர்க் கோஷ்டி சக்கிறீஸ்துக்குள் நுழைந்துவிட்டது. சமாதானத்துக்காக அடுத்த ஞாயிறு நோவாவின் புறா கொத்திவந்த ஒலிவ இலையைப் பற்றிப் பேசினார். அப்போதும் அவர்களுக்குத் திருப்தி இல்லை. "சாமி, ரெண்டு இலைன்னு சொல்லியிருக்கலாம்லா?" "வேதத்துல ஒண்ணுதாம்வே இருக்கு. இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்?" நடந்ததா என்று கேட்கக் கூடாது. முதல் தடவை கேட்டபோது அந்தக் கதையில் புறா மட்டும்தான் இருந்தது.

2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது இவர் சொன்னது இன்னும் அந்தப் பக்கத்தில் புழங்குகிறது. "பிறந்த அன்னைக்கே ஞானஸ்நானம் குடுத்தவனை ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவர முடியல. இதுல நான் எவனைப் போய்க் கட்டாயப்படுத்த?" 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு தொகுதிகூடக் கிடைக்காத பிறகு சட்டம் கொண்டுவந்த ஆட்சியே அதைத் திரும்பப் பெற்றது. "ஆண்டவர் 39 தொகுதியிலயும் பிரசங்கம் வச்சார்" என்பது இவருடைய கணிப்பு. இது கொஞ்சம் அதிகப்படி. ஆண்டவருக்கு ஜெயித்த கூட்டணியில் பொறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

2025 மே மாதம் புதிய போப் தேர்தல் நடந்தபோது இல்லத்து சமையல்காரர் கேட்டார், "கான்கிளேவ்னா என்ன சாமி?"

"கூவத்தூர் தெரியும்லா? அதுதான். அங்க யார் முதல்வர்னு முடிவு பண்ணிட்டு அடைச்சாங்க. இங்க அடைச்ச பிறகு முடிவு பண்ணணும்."

அதோடு நிற்குமா? 13-ஆம் நூற்றாண்டில் விட்டெர்போ என்ற ஊரில் கர்தினால்மார் கூடி மூன்று வருஷம் ஆகப் போகிறது, போப் பெயர் வரவில்லை. ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்து, கதவை அடைத்து, சாப்பாட்டைக் குறைத்து, கடைசியில் கூரையையும் பிரித்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது இவர் முகத்தில் விட்டெர்போக்காரன் களை வந்துவிடும். எண்பது வயது தாண்டிய கர்தினாலுக்குப் போப் தேர்தலில் ஓட்டு இல்லை என்பதையும் மறக்காமல் சேர்ப்பார். "இந்தச் சட்டம் நம்மூர்க் கட்சிகளுக்கு வந்தா எப்படி இருக்கும்! கலைஞர் 91 வயசுல திருவாரூர்ல ஜெயிச்சார். என்னை 75-லயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

இவருடைய ஜெபப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். முதுகு விட்டு, ரப்பர் பேண்டு போட்டு, புத்தகம் இரண்டு மடங்கு பருத்திருக்கும். தாள்களுக்கு நடுவே இறந்தவர்களின் நினைவு அட்டைகள். உபதேசியார், அசனத்துக்கு அண்டா கொடுத்த வீட்டம்மா, தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று இவர் சட்டையைப் பிடித்த நாட்டாண்மை, எல்லாரும் பாஸ்போர்ட் அளவில் சிரிக்கிறார்கள். அந்த நாட்டாண்மை அட்டை வரும்போது மட்டும் வேகமாகத் தாளைத் தள்ளிவிடுவார். கீழத்தெருவுக்குத் தேர் போகவில்லை. அந்தக் கதைக்கு இவரிடம் வேடிக்கை வடிவம் கிடையாது.

சொல்லக் கூடாத கதைகள் வேறு. "ஒருத்தன் வந்தாம்வே, பங்குனி மாசம், மத்தியானம்…" என்று ஆரம்பிப்பார். கண்ணில் குறும்பு மின்னும். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு தண்ணீர் கேட்பார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதாக இருக்கும். அதை வெளியே விட்டால் சாமியார் அந்தக் கணமே சபைக்கு வெளியே. திரும்பச் சேர்க்க ரோமையால்தான் முடியும். இவரிடம் உள்ள கதைகளில் ஆக நல்லவையெல்லாம் அந்தப் பக்கம்தான் கிடக்கின்றன என்று என் சந்தேகம்.

இத்தனை வருஷத்தில் சந்தேகமே வந்ததில்லையா என்று ஒருவர் கேட்டார்.

"யார் மேல? ஆண்டவர் மேலயா, பங்குப் பேரவை மேலயா?"

சிரித்து முடித்த பிறகு அவராகவே சொன்னார். 2004 சுனாமிக்கு மறுநாள் வேளாங்கண்ணிக்கு அடக்க வேலைக்குப் போயிருந்தார். "கோயிலுக்குள்ள தண்ணி வரல, புதுமைன்னு பேசிக்கிட்டாங்க. கிறிஸ்துமஸ் கும்பிட வந்து கடற்கரையில போனவங்க வீட்டுல போய் அந்தப் புதுமையை யார் சொல்ல? நான் சொல்லல. அடுத்த வருஷம் முழுக்க ஆண்டவர்ட்டயும் நான் சரியாப் பேசல. பூசை மட்டும் வச்சேன்." அப்புறம்? "அப்புறம் அவரே பேச்சுக் குடுத்தார்." எப்படி என்று கேட்டதற்கு, பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

இப்போது ஜெபமாலையில் மூன்றாவது தேவரகசியம் வருவதற்குள் குறட்டை வந்துவிடுகிறது. மிச்சத்தை மாதாவே முடித்துக்கொள்வாள் என்று இருவருக்குள்ளும் ஏற்பாடு.

தம்முடைய அடக்கப் பூசைக்கான பிரசங்கத்தை மட்டும் யாரையும் நம்பி விடவில்லை. தாமே எழுதி, உறையில் போட்டு, அலமாரியில் அங்கிக்கு அடியில் வைத்திருக்கிறார். வாசிக்க வேண்டியவர் இல்லத்தைக் கவனிக்கும் இளம் குரு. அவர் உறையைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"எட்டு நிமிஷத்துல முடியாது ஃபாதர்."

"முடியாட்டிப் போகட்டும் தம்பி. அன்னைக்கு எனக்கென்ன அவசரம்?"