வெளிநாட்டுப் படிப்பு விசா: ஓசூர் வட்டாரத்துக்கான ஏழு படிகள்

லாரி, பைக், கைக்கடிகாரம் என்று எல்லாம் செய்கிற ஊர் ஓசூர். கொஞ்சம் தள்ளிப் போச்சம்பள்ளியில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் தயாராகிறது. இத்தனை இருந்தும் தெருவுக்கு நாலு பிள்ளைகளுக்கு 'எம்.எஸ்.' ஆசை வந்துவிட்டது. வந்த ஆசையை முறைப்படி நிறைவேற்றிக்கொள்ளத்தான் இந்தக் கையேடு.

1. நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

எந்தப் படிப்பு என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். சித்தி மகன் எங்கே இருக்கிறானோ அதுதான் உங்கள் துறைக்கு உகந்த நாடு. அவன் சொல்லும் விதிகள் அவன் போன காலத்தோடு முடிந்துபோனவை என்பதையும் கண்டுகொள்ளாதீர்கள். கனடாவின் எஸ்.டி.எஸ். என்ற விரைவு வழியை 2024 நவம்பர் 8 அன்றே மூடிவிட்டார்கள். அவன் மட்டும் இன்னும் "இருபது நாள்ல வந்துடும்டா" என்பான்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்றதும் அப்பா முகம் மலரும். மிச்சத்தை மறுநாள் சொல்லுங்கள். 2022 நவம்பரிலிருந்து, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். அதோடு, 2024 செப்டம்பரில் வந்த கணக்குப்படி, ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். பணம் உங்களுடையதுதான். ஆனாலும் மாதம் 992 யூரோ என்று ரேஷன் கடைபோல் அளந்துதான் கொடுப்பார்கள்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

நமக்கு இருப்பது இனிஷியல். அவர்கள் கேட்பது சர்நேம். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினால், பல்கலைக்கழகம் உங்களை "மிஸ்டர் முனிராஜ்" என்றே கூப்பிடும். ஷிஃப்டை விட்டு நகராத முனிராஜ் அப்பா இப்படி ஒரு வெளிநாட்டுப் பட்டம் பெறுவார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கிறதா? அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர் ஆகிவிடும். உங்கள் பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அச்சாகும். ஆயா தேடிப் பிடித்து வைத்த பெயர் அது என்று அங்கே விளக்க வேண்டாம்.

3. பணத்தைத் தூங்கவையுங்கள்

பிரிட்டனுக்கு, காட்டும் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே 27-ஆம் நாள் வரும் கிரகப்பிரவேசம், வளைகாப்பு, ஜே.சி.பி. வாடகை எதற்கும் அதைத் தொடாதீர்கள். அப்பா மாந்தோப்பு வைத்திருந்தால் வேறொரு வேடிக்கை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் பலர் கணக்கும் தாக்கல் செய்வதில்லை. கன்சல்டன்சியோ மூன்று வருட ஐ.டி. ரிட்டர்ன் கேட்கும். சட்டப்படி நடந்ததற்கு ஆதாரம் இல்லையே என்று அப்பா முழிப்பார். ஆடிட்டரிடம் அழைத்துப் போங்கள்.

4. இரண்டு ஃபைல் போடுங்கள்

மிக முக்கியமான படி இதுதான். முதல் ஃபைல் வங்கிக்கு. பொதுவாக ஏழரை லட்சத்தைத் தாண்டினால் அடமானம் கேட்பார்கள். மாந்தோப்பை நீட்டினால் தலையை ஆட்டிவிடுவார்கள். கடன் நின்றுபோனால் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு உதவும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. எனவே வீட்டுப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டும். பட்டா கூட்டுப்பட்டாவாக இருந்தால் பெரியப்பாவின் மனசும் வேண்டும். இந்த ஃபைலின் சாரம்: "பையன் அங்கேயே வேலை பார்ப்பான், டாலரில் அடைப்பான்."

இரண்டாவது ஃபைல் தூதரகத்துக்கு. வங்கி வேண்டாம் என்ற மாந்தோப்பு இங்கேதான் மணக்கும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, நீங்கள் அங்கேயே தங்க வருபவர் என்றே எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது உங்கள் பொறுப்பு. இதன் சாரம்: "தோப்பு இருக்கிறது, அம்மா இருக்கிறார், படித்த மறுநாளே வந்துவிடுவேன்." இரண்டு ஃபைலிலும் இருப்பது ஒரே ஆள்தான். மாற்றி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

5. உங்களைப் பற்றி எழுதுங்கள்

எஸ்.ஓ.பி. என்ற கட்டுரையில், மூன்று வயதில் மிக்சியைப் பிரித்துப் போட்டதிலிருந்து தொடங்குவது மரபு. மாமா சிப்காட்டில் ஃபிட்டர், அவரைப் பார்த்து இயந்திரம் பிடித்துப்போனது என்ற உண்மை எளிமையாக இருக்கிறது. அதனாலேயே யாரும் அதை எழுதுவதில்லை.

2025 ஜூனிலிருந்து அமெரிக்க மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை யாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும். முதல் நாள் முதல் காட்சியில் கட்அவுட் மேல் ஏறிப் பால் ஊற்றிய வீடியோவை அந்நிய அதிகாரி ஒருவர் பார்க்கட்டுமா என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

6. நேர்காணலுக்குப் போங்கள்

பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணைத் தூதரகமும் திறந்தார்கள். விசா வேலை பிறகுதான் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். ஆகவே வழக்கம்போல முந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் இரவெல்லாம் குலுங்கி, சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே போய் நில்லுங்கள். உள்ளே செல்போன் ஆகாது. பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்றால், கன்சல்டன்சி அண்ணன் சொன்னார் என்று சொல்லாதீர்கள்.

7. முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள்

மறுத்தால் ஒரு தாள் தருவார்கள். 214(பி)-க்கு மேல்முறையீடு கிடையாது. 185 டாலர் விண்ணப்பக் கட்டணத்தைத் திரும்பக் கட்டி, திரும்ப விண்ணப்பிக்கலாம். எத்தனை முறை கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கிடைத்துவிட்டால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் நிச்சயம். நீங்கள் சொன்ன "திரும்பி வருவேன்" அதிகாரிக்குச் சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். வங்கி மேலாளர் மறக்க மாட்டார். படிப்பு முடிந்தும் பொதுவாக ஓராண்டு பொறுப்பார். அப்புறம் அவர் விசாரிப்பது நீங்கள் வருகிறீர்களா என்றல்ல, தவணை வருகிறதா என்று.