தேத்தண்ணிப் போடியார்

பாலமுனையில் வயல் உள்ளவர் போடியார். ஒரு வரம்புகூட இல்லாமலும் போடியார் ஆகலாம். தேத்தண்ணியைப் பற்றி வாய் ஓயாமல் பேசத் தெரிந்தால் போதும். நிந்தவூர் முதல் அக்கரைப்பற்று வரை, அஸர் தொழுகை முடிந்த கையோடு எந்தத் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தாலும் மூலை வாங்கில் இப்படியொரு காக்கா இருப்பார்.

கிளாஸ் வந்ததும் குடிக்கமாட்டார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பிறகு மூக்கு வேலை செய்யும். அதற்குப் பிறகு, பக்கத்தில் இருப்பவர் சாரனை ஒதுக்கிக்கொள்ளும்படி ஓர் உறிஞ்சல். கேலி செய்யவும் வழியில்லை. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்துக்குச் சுவை பார்த்துச் சொல்லும் பெரிய ஆட்களும் இப்படித்தான் சத்தமாக உறிஞ்சுகிறார்கள், உறிஞ்சியதைத் துப்பியும்விடுகிறார்கள். அதைச் சொன்னபோது காக்கா ஆடிப்போனார்.

"அல்லாஹ் தந்த றிஸ்க்க துப்புறயா? அவனுகளுக்குச் சம்பளம் வேற குடுக்கானுகளா?"

வைன் குடிக்கும் நாடுகளில் போத்தலில் ஆண்டு ஒட்டியிருக்கும். அந்த ஹராமான சாமானில் ஹலாலாக எடுத்துக்கொள்ள இருந்த ஒரே விஷயத்தைக் காக்கா எடுத்துக்கொண்டார். அவரிடம் எல்லாத் தேத்தண்ணிக்கும் ஆண்டு உண்டு. முதலிடம் எழுபத்தெட்டுக்கு. 1978 நவம்பர் சூறாவளிக்கு மறுநாள், கூரை போன குசினியில் ஈர மட்டையை ஊதி ஊதி மூத்தம்மா காய்ச்சியது. பாலில்லை, சீனியில்லை, புகை மட்டும் தாராளம். "அப்படி ஒரு தேத்தண்ணி இனி வராது" என்பார். வரவே கூடாது என்றுதான் ஊரே துஆ கேட்கிறது.

இரண்டாமிடம் ஜித்தாவுக்கு. சாரதியாக இருந்த காலத்தில், அரபி பாலில்லாமல் கடுஞ்சாயமாக ஊற்றிக் குடித்ததைப் பார்த்து "இது நம்மட சாமான்" என்று நெஞ்சு நிமிர்ந்தாராம். அளந்துவிடுகிறார் என்று தள்ளவும் முடியாது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையின் கறுத்த சாயத்துக்கு மத்திய கிழக்கில்தான் பெரிய வாடிக்கை.

கச்சான் காற்று விஷயத்தில்தான் அவருக்கு நிஜக் கோபம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்து ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த வரட்சியில் வாடும் கொழுந்தில்தான் ஊவாவின் பேர்போன மணம் ஊறுகிறது. அந்த மணத்தில் இருக்கும் மெதைல் சலிசிலேற்று, மூட்டுவலித் தைலத்திலும் இருப்பது. அதே காற்றுத்தான் பிறகு கச்சானாக நம் கரைக்கு வந்து, கண்ணில் மண்ணை அள்ளிப் போடுகிறது.

"மணத்த முழுக்க பதுளையில இறக்கிவெச்சிட்டு, நமக்கு வெறுங்கையோட வருது பாருங்க. வந்து என்ட கூரைத் தகரத்தையும் கழட்டுது. இதுக்கு ஊவாத் தோட்டக்காரன்தான் நட்டஈடு தரணும்."

கோப்பி என்றால் முகம் சுளிக்கும். இலங்கை மலைகள் ஒருகாலத்தில் கோப்பி மலைகளாக இருந்ததும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் அதைத் தின்று தீர்த்ததும், அதற்கு முன்பே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்ததும் அவருக்கு மனப்பாடம். "நோயில செத்த சாமானக் குடிக்கிறயா?" என்று கேட்டே பல இளந்தாரிகளின் நெஸ்கபேயைப் பாழாக்கியிருக்கிறார்.

இத்தனை விமர்சனமும் கடை வாசலோடு சரி. நம் ஊர் வழக்கப்படி காக்கா இருப்பது மனைவியின் சீதன வீட்டில். அங்கே எந்தத் தேத்தண்ணிக்கும் ஆண்டும் கிடையாது, இடமும் கிடையாது, எல்லாமே முதல்தரம். போன நோன்புப் பெருநாளன்று நானும் போயிருந்தேன். ராத்தா தட்டில் இரண்டு கோப்பை கொண்டுவந்தார். காக்கா வெளிச்சத்துக்குத் தூக்கவுமில்லை, மோந்து பார்க்கவுமில்லை. ஒரே மிடறு.

"இஞ்சாருங்க, எப்படிக் கிடக்கு?"

"சாயம் அந்த மாதிரி இறங்கியிருக்கு புள்ள. ஊவாத்தானே?"

"கோப்பி."

"அதான் சொன்னன்," என்றார் காக்கா, "நல்ல சாயம்."