எழுந்து நிற்க அனுமதி கோரும் மனு

பெறுநர்: தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: உட்காரும் உரிமை கிடைக்கப்பெற்றேன், எழும் உரிமை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 22-ஏ. 2. என் கழுத்தின் எக்ஸ்ரே.

மதிப்பிற்குரிய ஐயா,

2021 செப்டம்பரில் தாங்கள் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தீர்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்றது அது. கேரளம் 2018-லேயே செய்ததுதான் என்றாலும் நல்ல காரியம். எங்கள் சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் கால் வீங்க நின்ற கதையை 2010-இல் 'அங்காடித் தெரு'வில் ஊரே பார்த்து அழுதது. பதினோரு வருடத்தில் அரசு நாற்காலி போட்டுவிட்டது. குறை சொல்ல மாட்டேன்.

'ஒவ்வொரு நிறுவனத்திலும்' என்று எழுதிவிட்டதால் தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியும் அதில் அடக்கம். ஆகவே நானும் சட்டப்படி உட்கார்ந்திருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுவேன். இந்த உரிமையை இவ்வளவு முழுமையாக அனுபவிக்கும் குடிமகன் வேறு யாராவது உண்டா என்று தாங்கள் விசாரிக்கலாம்.

என் இருக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் ஹைட்ராலிக் போய் வெகுகாலம் ஆயிற்று. உட்கார்ந்ததும் மரியாதையாகக் கீழே இறங்கும். அது இறங்க இறங்க மேசை என் மார்புக்கு ஏறும், தோள் காதுக்கு ஏறும். முந்திரிக்கொட்டை கன்டெய்னர் வந்திருக்கிறது என்றால் இன்வாய்ஸ் இடது பக்கம் மேசையில் படுத்திருக்கும், திரை வலது பக்கம் நிற்கும். 08013100 என்ற எட்டு இலக்கச் சுங்கக் குறியீட்டைத் தட்டுவதற்குள் கழுத்து இடமும் வலமுமாக ஒரு பரதம் ஆடி முடித்திருக்கும். நடுவில் ஷிப்பிங் லைனிலிருந்து போன். இரண்டு கையும் கீபோர்டில் இருப்பதால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறேன். அங்கே 'ஹோல்டில் இருங்கள்' என்பார்கள். இருப்பேன்.

எங்கள் அலுவலகத்தில் முறையாக அமைந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். காலாவதியான சுங்கத் தீர்வைப் புத்தகங்கள் இரண்டை யாரோ மானிட்டருக்கு அடியில் வைத்ததால் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வந்துவிட்டது. மருத்துவர்கள் சொல்வதும் அதைத்தான். லேப்டாப் கொடுக்கப்பட்ட மேலதிகாரிகளுக்கு இந்த வசதியும் இல்லை. திரையை உயர்த்தினால் கை அந்தரத்தில் தொங்கும், கையை இறக்கினால் தலை கவிழும். தனிக் கீபோர்டு வாங்கினால் தீரும் சிக்கல்தான். வாங்கித்தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையே.

வலி என்று வீட்டில் வாய் திறக்க முடியாது. உப்பளத்தில் கால் பொசுங்க நின்ற மாமா, "ஏசிக்குள்ள உக்காந்து எழுதுத வேலைக்கு இடுப்பு வலியாடே?" என்பார். அவர் முன்னால் என்ன பதில் சொல்ல? கோடாலித் தைலத்தை மொட்டைமாடியில் போய்த் தேய்த்துக்கொள்கிறேன்.

சட்டத்திடம் போகலாமென்றால் 2025 வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 நோய்களைச் சொன்னது. ஈயம், பாதரசம், ஆந்த்ராக்ஸ் எல்லாம் இருந்தன. கழுத்துவலி இல்லை. நானும் தொழிற்சாலையில் இல்லை. எழுதி எழுதியே உடம்பு கெடும் குமாஸ்தாக்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1713-லேயே எழுதிவிட்டார். ஓயாத உட்கார்வு, ஒரே மாதிரி கையசைவு, மனஅழுத்தம் என்று மூன்று காரணங்களையும் சொன்னார். அந்தக் கோப்பு இன்னும் தங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை போலும்.

ஐயா, நான் துறைமுகத்துக்காரன். எனக்குத் தெரிந்த சட்டம் டெமரேஜ். இறக்கிய கன்டெய்னருக்கு இத்தனை நாள் இலவசம், அதற்கு மேல் அசையாமல் கிடந்தால் நாளுக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். வெறும் இரும்புப் பெட்டி ஓரிடத்தில் கிடந்தாலே நஷ்டம் என்று உலக வணிகத்துக்குத் தெரிகிறது. 2016 ஜூலை முதல் எடை சரிபார்த்துச் சான்று தராத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றவும் முடியாது. என் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ. குனியக் குனியக் கழுத்தெலும்பின் மேல் பாரம் கூடும், அறுபது டிகிரி குனிந்தால் 27 கிலோ அளவுக்குப் போகும் என்று 2014-இல் ஒரு முதுகெலும்பு மருத்துவர் கணக்கிட்டார். எந்தச் சான்றும் இல்லாமல் அந்தப் பாரத்தைத் தினமும் என் கழுத்தில் ஏற்றுகிறார்கள்.

பழைய அரசாங்கம் பரவாயில்லை என்று சொல்லும் நிலைக்கு என்னைத் தள்ளுகிறீர்கள். இதே மன்னார் வளைகுடாவில் வெள்ளைக்காரன் முத்துக்குளிப்பை ஏகபோகமாக நடத்தினான். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. பகல்கொள்ளைதான். ஆனால் முங்குவதற்குப் பிடித்து இறங்கும் ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவன் முங்கினால் மற்றவன் தோணியில் மூச்சு வாங்குவான். கரைக்காற்றில் போன தோணிகள் பிற்பகல் கடற்காற்றில் திரும்பிவிடும். இரக்கத்தால் செய்ததல்ல, மூச்சு அவ்வளவுதான் தாங்கும் என்பதால் செய்தது. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. மூச்சு வாங்கும் வழக்கமும் அதோடு போயிற்று.

1908-இல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யை முன்னிறுத்தி வேலைநிறுத்தம் செய்து ஞாயிறு விடுமுறையும் வேலைநேரக் குறைப்பும் வாங்கினார்கள். தாங்கள் துறைமுகத்துக்கு அவர் பெயரை 2011-இல் வைத்தீர்கள் (தில்லிதான் வைத்தது, இருந்தாலும் பெருமை நம் எல்லோருக்கும்தான்). 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தீர்கள். குனிந்த முதுகை நிமிர்த்தத் தங்களுக்கும் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

நான் தட்டும் பில் ஆஃப் லேடிங் சில வாரத்தில் ராட்டர்டாமில் இன்னொரு குமாஸ்தாவின் திரைக்குப் போகும். அங்கே 1990-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணைப்படி அவர் இருக்கையை, திரையை முதலாளி ஆராய வேண்டும், திரைவேலைக்கு இடையிடையே ஓய்வோ வேறு வேலையோ தர வேண்டும், கண் பரிசோதனைக்கும் உரிமை உண்டு. ஒரே காகிதத்தின் இந்த முனையில் எனக்குக் கோடாலித் தைலம்.

விலையுயர்ந்த நாற்காலி கேட்டு நான் எழுதவில்லை. கேட்டால் டெண்டர் விடுவீர்கள், கமிட்டி போடுவீர்கள், கமிட்டி உட்காரும். எத்தனை நல்ல நாற்காலியானாலும் அசையாமல் எட்டு மணி நேரம் கிடந்தால் வலிக்கத்தான் செய்யும். உடம்பு கேட்பது அசைவு. எனவே 22-ஏ பிரிவின் கீழே ஒரு வரி சேருங்கள்: கணினி முன் வேலை செய்பவர் மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்கலாம், அதற்காகச் சம்பளம் பிடிக்கவோ, 'எங்கே போறீங்க?' என்று கேட்கவோ கூடாது. மீறும் நிறுவனத்திடம் டெமரேஜ் வசூலியுங்கள், வீதப்பட்டியலை நானே தயாரித்துத் தருகிறேன். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

இப்படிக்கு,
உட்கார்ந்தபடியே,
கப்பல் ஏஜென்சி எழுத்தர் ஒருவர், தூத்துக்குடி.

நகல்: தங்கள் துறையில் இந்த மனுவைக் கணினியில் பதிவேற்றப்போகும் எழுத்தருக்கு. படித்து முடித்ததும் ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், அண்ணாச்சி.