தேர்தல் வரை பொறுங்கள்

வீட்டுச் சாமான் வாங்க எவராவது மதிப்புரை படிப்பார்களா? தேர்தல் அறிக்கை எதற்கு இருக்கிறது! தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் இலவசக் கலர் டிவி வந்தது. 2011இல் ஒரு கட்சி மிக்சி அல்லது கிரைண்டர் என்றது. எதிர்க்கட்சியோ இரண்டும் உண்டு, கூடவே மின்விசிறியும் என்றது. கொள்கைப் போர் என்றால் இதுவல்லவோ! ஜெயித்தவர்கள் சொன்னபடியே கொடுத்தார்கள். 2012இல் மின்வெட்டும் தாராளமாகக் கிடைத்தது. அதனால் என்ன, ஓடாத மிக்சி பழுதாவதில்லை. 2021இல் வாஷிங் மெஷின் தருகிறோம் என்றவர்கள் மட்டும் ஏனோ தோற்றார்கள். குழாயில் தண்ணீர் வருமா என்று எந்தக் குதர்க்கவாதியோ கேட்டிருக்க வேண்டும். ஆகவே வாசகர்களே, எதையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். இன்வெர்ட்டரை மட்டும் சொந்தக் காசில் இப்போதே வாங்கிவிடுங்கள்.