தாத்தா கேப்டன்தானா?

கே: என் தாத்தா ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) வீரர். ஆனால் பழைய ராணுவப் பதிவில் 'போர்க்கைதி' என்று மட்டும் போட்டிருக்கிறது. அடித்துத் திருத்தச் சொல்லலாமா? (வாசகர், ஈசூன்)

ப: ஏன் அடிக்க வேண்டும்? சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க்கில் கூட்டி பிரிட்டிஷார் ஜப்பானியர் கையில் ஒப்படைத்தார்கள். இன்று நாம் எம்ஆர்டி பிடிக்க ஓடுகிறோமே, அதே ஃபேரர் பார்க். அன்று அங்கிருந்த சிப்பாய் எல்லோருமே கைதிதான். கேப்டன் மோகன் சிங் கூப்பிட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தது அடுத்த கதை. இருக்கிற வரியை அழிக்கச் சொன்னால் அதிகாரி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அடுத்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கே: அடுத்த வரிக்கு ஆதாரம் வேண்டுமே? (அவரே)

ப: அங்கேதான் சிக்கல். ஜப்பானியரோடு மோதிக்கொண்ட மோகன் சிங், 1942 டிசம்பரில் கைதானபோது படையைக் கலைக்கச் சொல்லிவிட்டார். பதிவேடுகளும் அதோடு போயின. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்துதான் படை மறுபடி எழுந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் ஆளுக்கு ஆள் விசாரித்து, ஐ.என்.ஏ. மீதிருந்த பற்றின் அளவுப்படி வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். தாத்தா 'கறுப்பு' என்றால் அவருக்கு வேலை போயிருக்கும். உங்களுக்கோ அதைவிட நல்ல சாட்சி கிடையாது, எதிராளி கைப்பட எழுதியது! 1997-இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 990 ஐ.என்.ஏ. கோப்புகளை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திடம் கொடுத்தது. அங்கே தொடங்குங்கள்.

கே: பாட்டி ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். பிரிட்டிஷ் பதிவுகளில் எவ்வளவு தேடியும் பெயர் இல்லை. (வாசகி, தேக்கா)

ப: எப்படி இருக்கும்? அவர் பிரிட்டிஷார் சம்பளம் வாங்கியவர் இல்லையே! அந்தப் படையின் முகாம் 1943 அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் திறந்தது. கேத்தே கட்டடத்தில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்த மறுநாள். பாட்டி விஷயத்தில் ராணுவக் கோப்பைவிட அலமாரிதான் உதவும். பழைய படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, பென்சிலில் கிறுக்கிய பெயர், எதுவும் வீண் இல்லை. நம் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளையும் கேளுங்கள். பாட்டியின் தோழி யாராவது அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

கே: வீட்டில் எல்லோரும் தாத்தாவை 'கேப்டன்' என்பார்கள். அதையும் பதிவில் ஏற்றலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

ப: நீங்கள் கேட்பது பிழை திருத்தமா, பதவி உயர்வா? காகிதம் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் கல்யாண வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: தியாகி பென்ஷன் பேரனுக்கு வருமா? (வாசகர், பொங்கோல்)

ப: வராது. 1972-இல் இந்திய அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் மனைவிக்கும் மணமாகாத மகளுக்கும் இடமுண்டு, பேரனுக்கு இல்லை. மணமாகாத அத்தை இருந்தால் அவரை விசாரிக்கச் சொல்லுங்கள். தியாகியிடம் கிரிமினல் வழக்குபோல் சந்தேகமறச் சாட்சி கேட்கக் கூடாது, நம்பத் தகுந்த ஆதாரம் போதும் என்று 2001-இல் குர்தியால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அத்தைக்குப் பணம் வந்தால் உங்களுக்கு ஒரு தேத்தண்ணி நிச்சயம்.