ஆளில்லாத ரூமில் ஓடுகிற காத்தாடி

எட்மன்டன்,
ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் மருமகளும் பேத்தியும் நலம். ஞாயிறு ராத்திரி, அதாவது உங்களுக்குத் திங்கள் காலை, வீடியோவில் நீங்கள் கேட்ட கேள்விக்கு "சிக்னல் சரியில்லை" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் பதில்தான் இல்லை. கடிதமாக எழுதினால் நடுவில் புகுந்து திட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

"உன் பொறத்தால கருப்பா பீரோ மாதிரி நிக்கே, என்னலே அது? உள்ள காத்தாடி ஓடுத சத்தம் கேக்கு. உள்ள யாரு இருக்கா?" என்றுதானே கேட்டீர்கள்?

யாரும் இல்லை. ஒரு கறிவேப்பிலைக் கன்று இருக்கிறது. உயரம் ஒன்றேகால் அடி. நீங்கள் கேட்டது காத்தாடிச் சத்தமேதான். 24 மணி நேரமும் ஓடுகிறது. முப்பது வருஷம் மின்வாரியத்தில் இருந்து, ஆளில்லாத ரூமில் காத்தாடி ஓடினால் தெருமுனையிலேயே மோப்பம் பிடித்து வந்து அணைக்கிறவருக்குப் பிறந்த நான், ஒரு செடிக்குக் காத்தாடி போட்டிருக்கிறேன். ஒன்று இல்லை, இரண்டு. இரண்டாவது எதற்கு என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். நீங்கள் மாத்திரை போட்டுவிட்டு வாருங்கள்.

அங்கே கடையில் கறிவேப்பிலை கிடைக்காதா என்று அம்மா கேட்பாள். கிடைக்கும். வாங்கி காரில் வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் பால் வாங்கப் போனோம். கால் மணி நேரம். வெளியே மைனஸ் 31. வீட்டுக்கு வந்து பிரித்தால் வடிகட்டிப் போட்ட டீத்தூள் மாதிரி கருத்துக் கிடந்தது. இதைக் கேட்டு இரக்கப்பட்டு ஒரு மலையாளி நண்பர் தன் வீட்டுச் செடியின் வேரில் கிளம்பிய கன்றைப் பிரித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் வைத்தேன். டிசம்பரில் இந்த ஊர்ச் சூரியன் ஏழரை மணி நேரம்தான் வேலைக்கு வரும், வந்தாலும் தலையைத் தூக்காது. பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றது. அப்புறம்தான் கூடாரம்.

வீட்டுக்குள் செடி வளர்க்கிற சாமான்களுக்கென்றே இங்கே கடைகள் உண்டு. ஏன் உண்டு என்றால், இந்த நாட்டில் 2018 அக்டோபர் 17-லிருந்து கஞ்சா சட்டப்படி செல்லும். எங்கள் மாகாணத்தில் வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். (இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) கூடாரம், விளக்கு, காத்தாடி என்று அந்தக் கடையில் இருக்கிற எல்லாமே அந்தச் செடியை மனசில் வைத்துச் செய்ததுதான். எனக்கு அது தெரியாது. நேரே உள்ளே போனேன்.

"எத்தனை செடி?" என்றான் கடைப் பையன்.

"ஒண்ணு."

"நாலு வைக்கலாம் சார், பயப்படாதீங்க."

"ஒண்ணு போதும்."

"இண்டிகாவா, சட்டிவாவா?"

எனக்கு 'இந்தியாவா' என்று காதில் விழுந்தது. "இந்தியாதான்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"நல்ல தேர்வு. ராத்திரி அருமையாத் தூக்கம் வரும்."

"தூக்கத்துக்கு இல்லப்பா, சாப்பாட்டுக்கு. எண்ணெயைக் காய வச்சு அதுல போடுவோம்."

"எண்ணெயிலயா!" என்று அவன் கண்ணை விரித்தான். பழைய கை ஒன்று கடைக்கு வந்திருக்கிறது என்ற மரியாதை அதற்குப் பிறகு கடைசிவரை குறையவில்லை. அந்த மரியாதைக்காகவே அவன் சொன்னதையெல்லாம் வாங்கினேன். இரண்டுக்கு நாலு அடி, ஐந்தடி உயரத்தில் கூடாரம், உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும். 200 வாட் எல்.இ.டி. விளக்கு. நாலு அங்குலக் குழாய்க் காத்தாடி. மடக்கி நீட்டுகிற அலுமினியக் குழாய். அப்புறம் கரி வடிகட்டி. "இது இல்லாட்டி செடி வாசம் கட்டடம் முழுக்கப் போயிரும் சார்" என்றான். அந்த வடிகட்டி விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

ஒன்றேகால் அடிச் செடிக்கு எதற்குக் காத்தாடி என்பீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்த கணக்குத்தான். விளக்கு தின்கிற 200 வாட்டும் முடிவில் சூடாகத்தான் ஆகவேண்டும். ஜிப் போட்டு மூடிய பெட்டிக்குள் 200 வாட் ஹீட்டரை ஓட விட்ட மாதிரி. சூட்டை வெளியே இழுக்கவில்லை என்றால் கறிவேப்பிலை அவியல். சூடு மேலே ஏறும், அதனால் காத்தாடி மேல் மூலையில் இருந்து வெளியே இழுக்கிறது. கீழே வலை போட்ட ஒரு ஜன்னல், புதுக்காற்று அது வழியாகத் தானே நுழையும். ஆச்சி வீட்டு அடுக்களையில் புகைபோக்கி இருந்ததே, அதே ஏற்பாடு. கூடாரத்துக்குள் மொத்தம் 40 கன அடிக் காற்று. காத்தாடி நிமிஷத்துக்கு 200 கன அடி இழுக்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறான். குழாய் வளைவிலும் வடிகட்டியிலும் மூச்சு முட்டி அதில் பெரும்பகுதி போய்விடும் என்பதை அட்டைப் பெட்டியில் போடவில்லை.

ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். கூடாரத்தின் பக்கங்கள் சஷ்டி விரதக்காரர் வயிறு மாதிரி உள்வாங்கி இருக்கவேண்டும். பந்தியில் இருந்து எழுந்தவர் வயிறு மாதிரி உப்பியிருந்தால் எங்கோ தப்பு. காலையில் எழுந்ததும் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன். உங்கள் மருமகள் மாசமாக இருந்தபோதுகூட நான் இப்படிப் பார்க்கவில்லையாம்.

இனிமேல்தான் கதை. காத்தாடியின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் சுண்டைக்காய் அளவில் சென்சார். சூடு ஏறினால் என் போனுக்கு அலாரம் வரும். மாட்டிய முதல் ராத்திரியே இரண்டு மணிக்கு அலறியது: 37 டிகிரி. வேகத்தைக் கூட்டினேன். 36. இன்னும் கூட்டினேன். 35-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. காத்தாடி முழு வேகத்தில் போர் விமானம் மாதிரி கத்துகிறது, நான் மைனஸ் 28-ல் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், ஆப் மட்டும் காய்ச்சல் காய்ச்சல் என்கிறது. இப்படி இரண்டு வாரம், அப்பா. ஆபீசில் மீட்டிங் நடுவில் போனை எடுத்துப் பார்த்து "35" என்று முனகியிருக்கிறேன். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மேனேஜர் விசாரித்தார். செடிக்கு என்று எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

சின்னவள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, அந்த மணி ஏன் லைட்டை ஒட்டித் தொங்குது?"

சென்சார் இலை மட்டத்தில், வெளிச்சம் நேரே படாமல் தொங்கவேண்டுமாம். நான் விளக்குக்கு இரண்டு அங்குலம் கீழே கட்டியிருந்தேன். வெயில் அதற்குத்தான் அடித்திருக்கிறது. கீழே செடி இருந்த இடம் 16 டிகிரி. காய்ச்சல் என்று நினைத்து, குளிரில் நடுங்குகிறதற்கு ராத்திரி பகலாக விசிறியிருக்கிறேன்.

பரீட்சைக்குப் பயந்து நான் அக்குளில் வெங்காயம் வைத்துப் படுத்தது ஞாபகம் இருக்கிறதா? அம்மா பதறிப்போய் கஷாயம் போடப் போனாள். நீங்கள் தெர்மாமீட்டரைத் தேடவில்லை. நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு, "வெங்காயத்த அம்மாட்ட குடு, குழம்புக்கு ஆகும். நீ கெளம்பு" என்றீர்கள். நான் 140 டாலர் கொடுத்து வாங்கிய சாமானுக்கு அந்தப் புறங்கை இல்லை.

சூடு சரியானதும் ஈரம் ஆரம்பித்தது. நம் வீட்டு உப்பு ஜாடி வருஷம் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்குமே, இங்கே ஒரு நாள்கூடக் கசிந்ததில்லை. ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் ஈரப்பதம் 18 சதவீதம். நமக்கு உதடு வெடிக்கிறது, ராத்திரி மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கிறது. செடி நம்மைவிட விவரம்: காற்று இவ்வளவு காய்ந்திருந்தால் இலைத்துளைகளை மூடிக்கொண்டு வளராமல் சும்மா இருந்துவிடுகிறது. அதற்காகத் தண்ணீரைப் புகை மாதிரி ஊதுகிற மெஷின் ஒன்றை வாங்கி உள்ளே வைத்தேன். அது ஈரத்தை விட விட, மேலே இருக்கிற காத்தாடி அதை இழுத்து வெளியே கொட்டியது. காய்ந்துபோச்சே என்று மெஷின் மறுபடி விட்டது. இரண்டும் என் கரண்டில் விடிய விடிய மல்லுக்கட்டின. காத்தாடியை மிக மெதுவாக ஓட வைத்து, இதன் எல்லை வேறு அதன் எல்லை வேறு என்று பிரித்து வைத்த பிறகுதான் சமாதானம். அதற்குள் இலையெல்லாம் வெள்ளைப் பொடி. மாவுப்பூச்சி என்று அம்மாவிடம் சொன்னேன், வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னாள், அடித்தேன். பூச்சி சாகவில்லை. அது பூச்சியே இல்லை, இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு. மெஷின் அதையும் சேர்த்துப் புகையாக ஊதியிருக்கிறது. இப்போது காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி ஊற்றுகிறேன். நாங்கள் குடிப்பது குழாய்த் தண்ணீர்தான்.

இழுத்த காற்றை எங்கே விடுவது என்பது அடுத்த பஞ்சாயத்து. முதலில் ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். ஈரக்காற்று மைனஸ் 30-ஐத் தொட்டதும் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி குபுகுபுவென்று புகை. ராத்திரியில் ஜன்னல் முழுக்கப் பளீர் வெளிச்சம் வேறு. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மூன்றாம் நாள் குழாய்க்குள்ளேயே ஈரம் குளிர்ந்து தண்ணீராகி, தொய்வில் தேங்கி, காத்தாடிக்குள் வடிந்து, கக்கல் இருமல் மாதிரி ஒரு சத்தம். வெளியே பனிக்கட்டி பிடித்து ஜன்னலை மூட முடியவில்லை. "காசு குடுத்துச் சுட வச்சத ஜன்னல் வழியா வீசுதியே, உனக்குக் கோட்டியாலே?" என்று நீங்கள் கேட்டது எனக்குக் கேட்டது. குழாயைப் படுக்கையறைப் பக்கமே திருப்பிவிட்டேன். இப்போது தலைமாட்டில் 26 டிகிரி ஈரக்காற்று வீசுகிறது. இரண்டு வாரமாக உதடு வெடிக்கவில்லை.

இரண்டாவது காத்தாடி: கூடாரக் கம்பியில் கவ்வி நிற்கிற சின்னது. இலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆடாமல் வளர்ந்தால் தண்டு கெட்டிப்படாது, காற்று அசையாமல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அவ்வளவுதான், திட்டிக்கொள்ளுங்கள்.

விளக்கு சாயங்காலம் 5:30-க்கு எரிந்து காலை 7:30-க்கு அணையும். ராத்திரிதான் வீடு அதிகம் குளிரும், அப்போது விளக்குச் சூடு உள்ளே இருக்கட்டும் என்று வைத்தது. எங்களுக்கு மாலை 5:30 என்றால் உங்களுக்குக் காலை 6 மணி. நீங்கள் வாசல் லைட்டை அணைக்கிற நேரத்தில் இதற்கு விடிகிறது. இந்த வீட்டில் இந்தியா நேரத்தில் இருக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

கரண்ட் கணக்கை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் போட்டிருப்பீர்கள். விளக்கு மட்டும் நாளைக்கு 2.8 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், இங்கே இந்தச் செடி இரண்டு மாதத்தில் 168 தின்கிறது.

இனி வடிகட்டி. நான் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. போன வருஷம் மார்ச்சில் உங்கள் மருமகள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாள் கதவுக்கு அடியில் ஒரு தாள். காரிடாரில் சமையல் வாடை வருவதாகப் புகாராம், மற்றவர்களை மனதில் வைத்துச் சமைக்கவேண்டுமாம். ரொம்ப மரியாதையான இங்கிலீஷ். எங்கள் மாடியில் லிப்டைத் திறந்தாலே கஞ்சா வாடை குடலைப் பிடுங்கும், அதற்கு யாரும் தாள் எழுதுவதில்லை. அன்றிலிருந்து நாங்கள் கருவாடு வாங்கவில்லை. தாளிக்கும்போதுகூட வாசல் கதவின் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைக்கிறோம். துண்டு எதற்கு என்று சின்னவள் கேட்டபோது, குளிர் வராமல் இருக்க என்று சொன்னேன். கடைப் பையன் "வாசம் வெளியே போகாது" என்றதும் கேள்வி கேட்காமல் 90 டாலர் எடுத்துக் கொடுத்தது அதனால்தான்.

புதன்கிழமை, மெதுவாக ஓடுகிற காத்தாடிக்கு அந்த வடிகட்டி பாரமாக இருக்கிறதே என்று கழற்றி வைத்தேன். இத்தனை நாளாக அந்தச் செடிக்கு வாசனை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அரை மணி கழித்து உங்கள் மருமகள் குளியலறையில் இருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "என்னங்க, அடுக்களைல யாரு தாளிக்கா?"

வடிகட்டியைத் திரும்ப மாட்டவில்லை. நெத்திலிக் கருவாடு கால் கிலோ வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம், நாளை மதியத்துக்கு. துண்டு துவைத்துக் காய்கிறது. அது இனிமேல் கை துடைக்க.

அம்மாவுக்கு என் அன்பு. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்

பி.கு.: ஞாயிறு ராத்திரி நான் போனை வைத்த பிறகு நீங்கள் சின்னவளின் டேப்லெட்டில் தனியாகக் கூப்பிட்டது இன்றைக்குத்தான் தெரிந்தது. "உங்கப்பன் தூங்குனதும் அந்தக் காத்தாடிய அமத்திரு தாயி" என்று சொன்னீர்களாமே. அமத்திவிட்டாள். பிளக்கையே பிடுங்கிவிட்டாள். விடியற்காலை 41 டிகிரி. 11 இணுக்கில் 2 கருகிவிட்டன. அந்த இரண்டும் உங்கள் கணக்கு.